அட்மிஷன் கிடைத்தது சரி, ஜி.ஏ. கிடைத்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் விளையாட்டு மேலாண்மை முதுகலை படிப்பது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த கட்டுரையை ஒட்டி இதை எழுதுகிறேன். விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு இது கரும்பு தின்னக் கூலி என்று அதில் சொல்லியிருந்தார்கள். கூலி உண்டுதான்; ஜி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லும் உதவியாளர் வேலைதான் அது. அதை யார் தருகிறார்கள், வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலைக்குத் தருகிறார்கள், எதையெல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார்கள் என்று விசாரிக்காமல் கடன் வாங்கி விமானம் ஏறுகிறவர்கள்தான் பிறகு தவிக்கிறார்கள். கட்டுரை அந்தப் பக்கமே போகவில்லை. கூடவே மூன்று தகவல்கள் தவறு. இந்தப் படிப்பை முடித்தால் கோச் ஆகலாம் என்பது ஒன்று. முடித்த பின் மூன்று ஆண்டு அங்கேயே வேலை பார்க்கலாம் என்பது இன்னொன்று. ஊர் திரும்பினால் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆகலாம் என்பது மூன்றாவது.

கோச் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரே மாதிரி ஒலிக்கும் மூன்று படிப்புகள் அங்கே இருக்கின்றன. கோச்சிங் என்பது ஆட்டம் சொல்லிக்கொடுப்பது. அத்லெடிக் டிரெய்னிங் என்பது மருத்துவம் சார்ந்தது. கணுக்காலுக்கு டேப் சுற்றுவது முதல் தலையில் அடிபட்டவரைத் திரும்ப ஆட விடலாமா என்று பார்ப்பதுவரை அந்த வேலை. அதற்குத் தனி அங்கீகாரம் பெற்ற முதுகலையும் தகுதித் தேர்வும் வேண்டும். அத்லெடிக் அட்மினிஸ்ட்ரேஷன், ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் என்பது மூன்றாவது: ஆட்டம் நடப்பதற்கு ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு, சட்டம், டிக்கெட், மைதானம், பாதுகாப்பு பார்க்கிறவர்களின் படிப்பு. நம்மூர் கன்சல்டன்சிகள் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு அனுப்புகின்றன. விண்ணப்பத்தில் 'நான் மாநில அளவில் வாலிபால் ஆடியவன், நல்ல கோச் ஆக விரும்புகிறேன்' என்று எழுதினால், தேர்வுக் குழுவுக்கு முதல் வரியிலேயே இவருக்கு இது என்ன படிப்பென்று தெரியவில்லை என்று புரிந்துவிடும்.

இந்தப் படிப்பு தோன்றிய கதையிலேயே அதன் குணம் இருக்கிறது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி 1957இல் ஜேம்ஸ் மேசன் என்ற பேராசிரியருக்கு எழுதினார். அணியையும் மைதானத்தையும் நடத்தத் தெரிந்த ஆள் வேண்டுமானால் எந்தக் கல்லூரியில் போய்த் தேடுவது என்பது அவர் கேள்வி. பதில் வர ஒன்பது ஆண்டு ஆயிற்று. 1966இல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் முதல் முதுகலை தொடங்கியது; 1971இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம், ஆம்ஹர்ஸ்ட். ஆக, இது வேலை தருகிறவர் கேட்டு உண்டான படிப்பு. இன்றும் அதை அளக்கும் கோல் அதுதான். (ஒஹையோ பல்கலைக்கழகம் ஏதன்ஸ் என்ற சிற்றூரில் இருக்கிறது. கொலம்பஸில் இருக்கும் ஒஹையோ ஸ்டேட் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து விண்ணப்பிப்பவர்கள் உண்டு.)

அங்கே பல்கலைக்கழகமே விளையாட்டை ஒரு பெருந்தொழிலாக நடத்துகிறது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற சங்கத்தில் ஏறத்தாழ 1,100 கல்வி நிறுவனங்கள், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ வீரர்கள். அதன் மேல்மட்டமான முதல் பிரிவில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் இயக்குநர், அவருக்குக் கீழே விதிப்பணி, டிக்கெட், நன்கொடை, ஊடகம், மைதானம், வீரர்களின் படிப்பைக் கவனிக்கும் பிரிவு என்று பெரிய அலுவலகமே இருக்கும். அந்த அலுவலகத்துக்குள் ஒரு நாற்காலி கிடைத்தால்தான் படிப்பு படிப்பாகும். அந்த நாற்காலியின் பெயர் கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப், பேச்சுவழக்கில் ஜி.ஏ.: படித்துக்கொண்டே வேலை பார்த்து, கட்டணத் தள்ளுபடியும் உதவித்தொகையும் பெறும் ஏற்பாடு. அந்த வேலை பார்க்கும் மாணவரையும் ஜி.ஏ. என்பார்கள்.

இதில்தான் முதல் சறுக்கல். அட்மிஷன் தருவது ஸ்போர்ட் மேனேஜ்மென்ட் துறை, ஜி.ஏ. தருவது பெரும்பாலும் விளையாட்டுத் துறை. இரண்டும் வேறு வேறு கட்டடம், வேறு வேறு பட்ஜெட், வேறு வேறு கையெழுத்து. அட்மிஷன் கடிதத்தில் 'உதவித்தொகைக்குப் பரிசீலிக்கப்படுவீர்கள்' என்றிருந்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. ஆகஸ்டில் சேரும் மாணவருக்கான ஜி.ஏ. இடங்கள் பெரும்பாலும் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் தனித்தனி வேலை அறிவிப்புகளாக வருகின்றன. பல்கலைக்கழகங்களின் சொந்த வேலைப் பக்கங்களிலும் என்.சி.ஏ.ஏ. மார்க்கெட் தளத்திலும் பார்க்கலாம். தனி ரெஸ்யூமே, தனிக் கடிதம், தனி வீடியோ நேர்காணல். நம் பிள்ளைகள் அட்மிஷன் வந்ததும் விசாவுக்கு ஓடுகிறார்கள்; ஆகஸ்டில் போய் இறங்கிக் கேட்கும்போது நாற்காலிகள் நிரம்பியிருக்கும்.

ஜி.ஏ. கிடைத்தாலும் கடிதத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். 'டியூஷன் வேவர்' என்றால் பாடக் கட்டணம் மட்டும் தள்ளுபடி. 'ஃபீஸ்' என்ற தலைப்பில் வரும் தொழில்நுட்பக் கட்டணம், மாணவர் மையக் கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டணம், உடல்நலக் காப்பீடு ஆகியவை பெரும்பாலும் நம் தலையில். ஒப்பந்தம் 9 மாதமா, 12 மாதமா? 9 என்றால் கோடையில் எடுக்கும் பாடத்துக்கு யார் கட்டுவது? இரண்டாம் ஆண்டு தானாகத் தொடருமா, மறுபடி விண்ணப்பிக்க வேண்டுமா? வெளிமாநில விகிதத்தில் முழுத் தள்ளுபடியா, உள்மாநில விகிதத்துக்கு இறக்கிக் காட்டுவதைத்தான் உதவி என்கிறார்களா?

இன்னொரு பிடித்தம் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாடம் நடத்தும், ஆராய்ச்சி செய்யும் உதவியாளர்களுக்குத் தள்ளுபடியாகும் கட்டணத்துக்கு வரி கிடையாது. நிர்வாக வேலை பார்க்கும் விளையாட்டுத் துறை ஜி.ஏ.வுக்குப் பல பல்கலைக்கழகங்கள் அந்தச் சலுகையைத் தருவதில்லை. ஆண்டுக்கு 5,250 டாலருக்கு மேல் தள்ளுபடியான தொகை அவருடைய வருமானமாகவே கணக்கில் ஏறும். உதாரணத்துக்கு, கட்டணம் 20,000 டாலர், கையில் வரும் உதவித்தொகை 10,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கே வராத 14,750 டாலருக்கான வரியையும் அந்தப் பத்தாயிரத்திலிருந்துதான் பிடிப்பார்கள். அக்டோபர், நவம்பரில் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிடுவது இதனால்தான். சின்ன ஆறுதல் ஒன்று: இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவின்படி இந்திய மாணவர்கள் 1040-என்.ஆர். வரிப் படிவத்தில் நிலையான கழிவை (வரி இல்லாமல் விடப்படும் தொகையை) கோரலாம். பெரும்பாலான மற்ற நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. ஃபார்ம் நிரப்பித் தருகிறவர்கள் இதை விட்டுவிடுவது வழக்கம்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? கட்டுரை 'நிர்வாகப் பணிகள்' என்ற இரண்டு சொல்லில் தாண்டிவிட்டது. அங்கே பயிற்சிக்கு மிகவும் கிராக்கி உள்ள அறை விதிப்பணி அலுவலகம், அதாவது கம்ப்ளயன்ஸ்: வீரர்களும் கோச்சுகளும் என்.சி.ஏ.ஏ. விதிப்படி நடக்கிறார்களா என்று பார்க்கும் இடம். அங்கே ஒரு வியாழக்கிழமை காலை எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். ஒரு கூடைப்பந்து வீரர் புதன் இரவு 11 மணிக்குக் கணக்குப் பாடம் கடினமாக இருக்கிறதென்று போர்ட்டலில் அதை டிராப் செய்கிறார். அவர் எடுத்த பாடங்களின் அளவு 12 கிரெடிட்டிலிருந்து 9 ஆகிறது. முழுநேர மாணவர் என்பதற்கு 12 வேண்டும். 12க்குக் கீழே இறங்கிய நொடியிலிருந்து அவர் ஆட்டத்துக்கு மட்டுமல்ல, பயிற்சிக்கும் தகுதியிழக்கிறார். காலை 8 மணிக்கு ஜி.ஏ. பதிவாளர் அலுவலகத்தின் சேர்க்கை அறிக்கையை இறக்கி, நேற்றைய பட்டியலோடு ஒப்பிட்டு, 12க்குக் கீழே போன பெயர்களைப் பிரித்தெடுக்க வேண்டும். மாலை 3 மணிப் பயிற்சிக்கு முன் கோச்சுக்குத் தகவல் போக வேண்டும். ஒருநாள் அறிக்கையைப் பார்க்கத் தவறினால் சனிக்கிழமை அவர் ஆடிவிடுவார். பிறகு பல்கலைக்கழகமே தன் மீது புகார் எழுதி அனுப்ப வேண்டிவரும்; வென்ற ஆட்டம் ஏட்டிலிருந்து அழிந்தாலும் அழியும்.

இது அன்றாட வேலை. இதற்கு மேல் 40–60–80 விதி இருக்கிறது. முதல் பிரிவு வீரர் இரண்டாம் ஆண்டு முடிவில் தன் பட்டப்படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடிவில் 60, நான்காம் ஆண்டு முடிவில் 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டத்துக்கு 48, 72, 96. நன்றாகப் படிக்கிற வீரர்கூட இதில் மாட்டுவார். காரணம், மேஜர் (முதன்மைப் பாடம்) மாற்றம். இன்ஜினீயரிங்கில் எடுத்த இயற்பியலும் கால்குலஸும் பிசினஸ் பட்டத்தில் ஓரளவுக்குத்தான் செல்லும். பழைய கிரெடிட்டில் எத்தனை புதிய பட்டத்துக்குச் செல்லும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் மேஜரை மாற்றினால், மொத்தக் கிரெடிட் கூடுதலாக இருந்தும் சதவீதம் சரிந்துவிடும். அந்தத் தாளைப் போடுகிற ஆள் ஜி.ஏ.

பயிற்சி நேரக் கணக்கும் அவர் கையில். சீசனில் வாரத்துக்கு 20 மணி, ஒரு நாளைக்கு 4 மணி, வாரத்தில் ஒரு முழு ஓய்வு நாள். ஆட்டம் நடக்கும் நாள் எவ்வளவு நேரம் எடுத்தாலும் 3 மணியாகத்தான் கணக்கு. அதைத் தெரியாதவர் நிஜ நேரத்தை எழுதிவைத்து வாரம் 22 மணி என்று காட்டி எல்லோரையும் பதற வைப்பார். எதிர்த்திசைத் தவறும் உண்டு: கோச்சின் கண்முன்னால் நடக்கும் 'விருப்பப் பயிற்சி'யைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. கோச் பார்த்துக்கொண்டு நின்றால் அது விருப்பப் பயிற்சி ஆகாது.

இனி சனிக்கிழமை. ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து அல்ல, அமெரிக்க ஃபுட்பால்) ஆட்டம் இரவு 7 மணிக்கு என்றால் மைதானப் பிரிவு ஜி.ஏ. காலை 11 மணிக்கு உள்ளே இருப்பார். நடுவர்களின் கார் நிறுத்துமிடம், எதிரணிப் பேருந்து எந்த வாயிலில் நுழையும், வாக்கி டாக்கி பேட்டரி, கேட்டில் ஸ்கேனர்கள், ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தை எவரும் மறிக்காமல் இருப்பது என்று பட்டியல் நீளும். அன்றைய நாளின் உண்மையான சோதனை வானம். என்.சி.ஏ.ஏ. வழிகாட்டுதலின்படி மின்னல் 6 மைல் தூரத்துக்குள் வரும்போது வீரர்களும் பார்வையாளர்களும் பாதுகாப்பான இடத்துக்குள் போய் முடித்திருக்க வேண்டும். 'கிளம்பத் தொடங்க வேண்டும்' என்று சொல்லவில்லை, 'போய் முடித்திருக்க வேண்டும்'. இருபதாயிரம் பேரை நகர்த்தக் கால் மணிக்கு மேல் ஆகுமென்றால் 8, 10 மைலிலேயே அறிவிப்பு தொடங்க வேண்டும். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். 29ஆவது நிமிடத்தில் இன்னொன்று வெட்டினால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து.

இதில் பிசகும் இடங்களைப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஒலிபெருக்கியில் என்ன சொல்ல வேண்டும் என்ற வாசகம் முன்பே அச்சடித்து அறிவிப்பாளர் மேசையில் இல்லையென்றால், அவர் 'சிறு தாமதம்' என்று மென்று முழுங்குவார், கூட்டம் நகராது. ஸ்டாண்டுக்குக் கீழே உள்ள நடைபாதை எத்தனை பேரைக் கொள்ளும் என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். முக்கியமாக, காருக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்களின் டிக்கெட்டை ஸ்கேனர் 'ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று தள்ளும். மறுநுழைவுக்கு மாற்றி வைக்காவிட்டால் மழையில் நனைந்த ஐயாயிரம் பேர் ஒரே கேட்டில் நிற்பார்கள். மின்னலால் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் கேட்டில் நசுங்கினால் என்ன பயன்?

இதைப் படிக்கும்போது பெங்களூரு நினைவுக்கு வரும். 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி மைதானத்தின் வாயில்களில், கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்துக்குக் கூடிய கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் பின்பற்றப்படும் என்.எஃப்.பி.ஏ. 101 பாதுகாப்பு நெறி, கூடும் இடங்களில் 250 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற கூட்ட மேலாளர் வேண்டும் என்கிறது. சுமார் 35,000 பேர் அமரும் மைதானத்துக்கு அது 140 பேர். லத்தியோடு நிற்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எந்தக் கதவு எப்போது திறக்கும், எந்த வரிசையை எங்கே வெட்டித் திருப்ப வேண்டும் என்று முன்பே ஒத்திகை பார்த்தவர்கள்தான் கணக்கு. கொண்டாட்டம் எத்தனை மணிக்கு, இலவசமா பாஸா என்ற செய்தியை யார், எப்போது வெளியிடுவது என்பதும் கூட்ட மேலாண்மையில் சேர்த்தி. கேட் திறப்பதற்கு வெகு நேரம் முன்பே கூட்டத்தின் அளவு அங்கே தீர்மானமாகிவிடுகிறது. நம் நாட்டுக்கு இந்தப் படிப்பிலிருந்து எதையாவது உடனே எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் இந்த ஒரு பாடத்தைத்தான் சொல்வேன்.

வகுப்பறைப் பாடங்களைப் பற்றிச் சுருக்கமாக. 30 முதல் 36 கிரெடிட். சட்டம், நிதி, சந்தைப்படுத்தல், மைதானமும் நிகழ்ச்சியும், ஆராய்ச்சி முறை. இதில் கல்லூரி விளையாட்டுச் சட்டம்தான் இப்போது தலைகீழாகிக் கிடக்கிறது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு ஒப்புதல் தந்தார். அந்த ஆண்டு ஜூலை 1 முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கிட்டுத் தரலாம். இதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்தது: ஃபுட்பாலுக்கு 105, பேஸ்பாலுக்கு 34. முன்பு பேஸ்பாலுக்கு 11.7 ஸ்காலர்ஷிப். அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பங்கிடுவது வகுப்பில் தவறாமல் கொடுக்கப்படும் கணக்கு. இன்றும் ஒரு துறையின் பாடத்திட்டம் 11.7ஐ மட்டுமே சொல்லிக்கொடுத்து 34 பற்றிப் பேசவில்லையென்றால், அந்தப் பேராசிரியர் பழைய ஸ்லைடை ஓட்டுகிறார் என்று அர்த்தம். பாடத்திட்டத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிப் பார்க்க எந்தத் தடையும் இல்லை.

பெண்களுக்கு விளையாட்டிலும் சம இடம் கேட்கும் 1972ஆம் ஆண்டின் டைட்டில் நைன் சட்டக் கணக்கும் இதோடு பின்னிக் கிடக்கிறது. எடுத்துக்காட்டாக, மாணவர்களில் 54 சதவீதம் பெண்கள், வீரர்கள் 500 பேரில் பெண்கள் 230 பேர் மட்டும் என்றால் விகிதம் 46தான். 270 ஆண்களை அப்படியே வைத்துக்கொண்டு சமன்செய்ய 317 பெண்கள் வேண்டும். இன்னும் 87 பேர். ஒரு பெண்கள் அணி தொடங்கினால் இருபது முப்பது பேர் வருவார்கள். கோச், பயண, மைதானச் செலவும் வரும். அதனால் சிலர் பெண்கள் படகுப் போட்டி அணியில் ஆடவே செய்யாத பெயர்களை ஏற்றுவார்கள், சிலர் ஆண்கள் மல்யுத்தத்தை மூடுவார்கள். முதல் வழி நீதிமன்றத்தில் நிற்காது. இரண்டாவது வழி செல்லும், ஆனால் பழைய மாணவர்கள் நன்கொடையை நிறுத்துவார்கள். புதிதாக வீரர்களுக்குப் போகும் 2 கோடி டாலரில் பெண்களுக்கு எவ்வளவு என்பதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை. 2025 ஜனவரியில் கல்வித் துறை ஒரு விளக்கம் தந்தது. ஆட்சி மாறியதும் பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு உண்டு.

இனி விசா. கட்டுரையின் இரண்டாவது தவறு இங்கே. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்ற பெயரில் 12 மாதம் வேலை பார்க்கலாம். மேலும் 24 மாத நீட்டிப்பு 'ஸ்டெம்' (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும். விளையாட்டு மேலாண்மைக்கான 31.0504 என்ற குறியீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, மூன்று ஆண்டு கிடையாது, ஓராண்டுதான். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே குறியீடு அச்சாகியிருக்கும். சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். அந்த ஓராண்டில் வேலையில்லாமல் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. விளையாட்டு வேலைகள் சீசனை ஒட்டித் திறப்பவை. மே மாதம் முடித்தவருக்கு ஆகஸ்டில்தான் வேலை என்றால் 90 நாள் கரைந்துவிடும். விண்ணப்பத்தைப் படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிருந்து போடலாம். எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று கேட்பதை யோசித்து எழுதுவது இதனால்தான் முக்கியம்.

படிக்கும்போதே முழுநேர இன்டர்ன்ஷிப்பை சி.பி.டி. என்ற படிப்புக்கால வேலை அனுமதியில் 12 மாதம் செய்துவிட்டால் ஓ.பி.டி.யே கிடையாது. 11 மாதத்தோடு நிறுத்துகிறவர்கள் புத்திசாலிகள். ஆன்லைன் முதுகலைகள் மலிவு என்று கட்டுரை பரிந்துரைத்திருந்தது. எஃப்-1 மாணவருக்கு ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட்தான் முழுநேரக் கணக்கில் சேரும். முழு ஆன்லைன் படிப்புக்கு அந்த விசாவே இல்லை.

எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாமல் கழுத்தை இறுக்குவது 20 மணி விதி. பருவம் நடக்கும்போது வளாகத்தில் வாரத்துக்கு 20 மணிக்கு மேல் வேலை கூடாது. மேலே சொன்ன சனிக்கிழமையை எண்ணிப் பாருங்கள்: காலை 11 முதல் நள்ளிரவு வரை 13 மணி. மிச்சம் 7 மணிதான் அந்த வாரத்துக்கு. வெள்ளிக்கிழமை வாலிபால் ஆட்டமும் இருந்தால் அத்தோடு தீர்ந்தது. உள்ளூர் ஜி.ஏ.க்கள் 30, 35 மணி உழைப்பது அங்கே சகஜம். அவர்களுக்கு விசாக் கட்டுப்பாடு இல்லை. நம் பிள்ளைகள் 'நல்ல பெயர் எடுக்க வேண்டும்' என்று கூடவே நிற்பார்கள். சம்பளம் வாங்காமல் நின்றாலும், சம்பளத்துக்குச் செய்கிற அதே வேலையாக இருந்தால் அதற்குத் 'தன்னார்வம்' என்று பெயரிட முடியாது. நேர்காணலிலேயே 'ஆட்ட வாரத்தில் மணிக்கணக்கை எப்படிப் பிரிப்பீர்கள்' என்று கேட்டுவிடுவது நல்லது. அனுபவமுள்ள மேலாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

பிறகு எச்-1பி என்ற வேலை விசா. தொழில்முறை அணிகளுக்கு அது ஆண்டுக்கு 85,000 இடக் குலுக்கல். அதோடு அந்த அணிகளில் புதியவருக்குக் கிடைக்கும் வேலை பெரும்பாலும் டிக்கெட் விற்பனை. எந்தப் பட்டம் இருந்தாலும் போதும் என்று விளம்பரம் செய்த வேலைக்குச் சிறப்புத் தொழில் என்று விசா கேட்பது கடினம். பல்கலைக்கழகங்களோ அந்தக் குலுக்கலுக்கு வெளியே. எனவே நம் மாணவருக்கு அணியைவிடப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைதான் பொருத்தமான இடம். அதிலும் ஒரு நுணுக்கம்: சில இடங்களில் விளையாட்டுத் துறை தனிக் கழகமாகப் பதிவாகியிருக்கும். வேலைக் கடிதம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறதா, அந்தக் கழகத்தின் பெயரில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 1 லட்சம் டாலர் கட்டணம், நாட்டுக்கு வெளியிலிருந்து புதிதாக அழைக்கப்படுகிறவர்களின் மனுக்களுக்கானது. ஆகவே இங்கே திரும்பி வந்துவிட்டு அங்கே வேலை தேடுவது, அந்தக் கட்டணம் நடப்பில் உள்ளவரை வீண்.

மூன்றாவது தவறு, ஊர் திரும்பினால் என்ன என்பது. கல்லூரிகளில் 'பி.டி. சார்' என்று நாம் அழைக்கும் உடற்கல்வி இயக்குநர் பணிக்கு யு.ஜி.சி.யின் 2018 விதிகள் உடற்கல்வி அல்லது விளையாட்டு அறிவியலில் 55 சதவீதத்தோடு முதுகலை கேட்கின்றன. அதோடு நெட் அல்லது ஸ்லெட் தேர்ச்சி, இல்லாவிட்டால் பிஎச்.டி. உடல்திறன் தேர்வும் உண்டு: 30 வயதுக்குட்பட்ட ஆண் 12 நிமிடத்தில் 1,800 மீட்டர், பெண் 8 நிமிடத்தில் 1,000 மீட்டர். ஓட்டத்தில் எல்லோரும் தேறிவிடுவார்கள். பட்டத்தில் 'மேலாண்மை' என்றிருந்தால் விண்ணப்பம் அதற்கு முன்பே மேசையில் நின்றுவிடும். உடற்கல்வி இயக்குநர் ஆக வேண்டுமென்றால் எம்.பி.எட். படியுங்கள், அதற்கு அமெரிக்கா வேண்டியதில்லை.

இங்கே இந்தப் பட்டத்துக்கு வேறு இடங்கள் உருவாகின்றன. 2025இன் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் விளையாட்டுச் சம்மேளனங்களின் நிர்வாகக் குழுவை 15 பேருக்குள் நிறுத்தி, அதில் பெண்களுக்கும் வீரர்களுக்கும் இடம் கட்டாயமாக்கியிருக்கிறது; நெறிமுறைக் குழு, வீரர் குழு, குறைதீர் ஏற்பாடு என்று எழுத்துவேலை நிறைய. அது கிட்டத்தட்ட அந்த வியாழக்கிழமைக் காலை வேலைதான். கடன் வாங்க விருப்பமில்லாதவர்களுக்கு மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலேயே விளையாட்டு மேலாண்மை எம்.பி.ஏ. இருக்கிறது. 2022 செஸ் ஒலிம்பியாட், 2024 கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள், 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி என்று தமிழ்நாட்டுக்குப் பெரிய போட்டிகள் வந்துகொண்டேயிருக்கின்றன. இங்கே படிப்பவர் அவற்றில் அடையாள அட்டைப் பிரிவிலோ போக்குவரத்துப் பிரிவிலோ முழுதாக ஒரு போட்டிக்கு வேலை பார்த்திருந்தால், அங்கே ஜி.ஏ. நேர்காணலில் அதுதான் பேசும். வகுப்பு மதிப்பெண்ணைப் பெரும்பாலும் கேட்கவே மாட்டார்கள். 'எத்தனை அட்டை அடித்தீர்கள், எத்தனை தவறாக வந்தது, வாயிலில் என்ன செய்தீர்கள்' என்று கேட்பார்கள்.

கட்டுரையை வெட்டிவைத்திருக்கும் பெற்றோர் ஒரே ஒரு மின்னஞ்சலைப் பிள்ளையிடம் எழுதச் சொல்லலாம். சேர நினைக்கும் துறையின் ஒருங்கிணைப்பாளருக்கு, ஜனவரி முடிவதற்குள். சென்ற ஆண்டு சேர்ந்த வெளிநாட்டு மாணவர்களில் எத்தனை பேர் விளையாட்டுத் துறையில் ஜி.ஏ.வாக இருக்கிறார்கள், எந்தப் பிரிவில், படிப்பு முடித்தவர்கள் ஓ.பி.டி. ஆண்டில் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால் போதும். துறைக்கு காஸ்மா (விளையாட்டு மேலாண்மைப் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்றும் கேட்கலாம். அது இல்லாத நல்ல துறைகளும் உண்டு, எனவே அதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். எண்ணிக்கையோடு பதில் வந்தால் விண்ணப்பக் கட்டணம் கட்டலாம். 'எங்கள் மாணவர்களுக்கு ஏராளமான வாய்ப்புகள்' என்று மட்டும் பதில் வந்தால், அந்தப் பணத்தை வேறு பல்கலைக்கழகத்துக்குக் கட்டலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.